மூன்று மாநகராட்சிகள், ஒரே கடைத்தெரு

விடியுமுன் சிவாஜிநகர் ரசல் சந்தையில் காய்கறியும் பழமும் வாங்கி, லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு லிங்கராஜபுரம் திரும்பும் ஒரு சிறு வணிகரை எண்ணிப் பார்ப்போம். பிரேசர் டவுனைக் கடந்து, வீலர் சாலை வழியாக வந்து, ரயில் பாதைக்கு மேலெழும் மேம்பாலத்தைத் தாண்டி அவர் இறங்கும்போது பொழுது புலர்ந்திருக்கும். முற்பகல் முழுவதும் ஹென்னூர் பிரதான சாலையோரத்தில் தள்ளுவண்டி விற்பனை. மாலையில், மிஞ்சிய சரக்குடன் கம்மனஹள்ளி, பானஸ்வாடி வழியே ராமமூர்த்திநகர்ப் பக்கம் நகர்வார். அவருடைய வழித்தடம் பல ஆண்டுகளாக மாறவில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 2 முதல், அதே வழித்தடத்தில் செல்லும் அவர் ஒரே நாளில் மூன்று மாநகராட்சிகளின் எல்லைக்குள் புகுந்து வெளியேறுகிறார்.

2024ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் 2025 மே 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பெருநகர பெங்களூரு மாநகராட்சி கலைந்து, மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் அமைந்தன. இவற்றுக்கு மேலே, முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் ஒருங்கிணைப்புப் பணியை ஏற்றுள்ளது. சிவாஜிநகரும் கமர்சியல் தெருவும் மத்திய மாநகராட்சியைச் சேர்ந்தவை. பிரேசர் டவுன், லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி ஆகியவை வடக்கு மாநகராட்சியின் பகுதிகள். ராமமூர்த்திநகர் கிழக்கு மாநகராட்சிக்கு உட்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆணையர், தனி வரவுசெலவுத் திட்டம், தனிச் சொத்துவரி வசூல்.

நிர்வாகம் மக்களுக்கு அருகில் வரவேண்டும் என்னும் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நகரத்தை ஒரே அலுவலகத்திலிருந்து ஆள்வது கடினம் என்பதைப் பெங்களூருவாசிகள் அனுபவத்தில் அறிவார்கள். நம் கவலை வேறு. நிலப்படத்தில் கோடு போடுவது எளிது. கடைத்தெருவோ கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. சிவாஜிநகரில் மொத்த விலைக்கு வாங்கப்படும் துணி லிங்கராஜபுரத்துத் தையற்கடையில் ஆடையாகிறது. அந்த ஆடையை வாங்குபவர் பானஸ்வாடியில் வசிக்கிறார். இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்ற இரண்டும் தளரும். எனவே, சிவாஜிநகரிலிருந்து லிங்கராஜபுரம் வழியாகக் கிழக்கே நீளும் இந்த வணிகத் தடத்தைப் புதுப்பிக்கும் பணியை மூன்று மாநகராட்சிகளும் கூட்டாக நிதி ஒதுக்கி, ஒரே திட்டமாக மேற்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

பழைய அனுபவம்

அண்டை நகரங்களாக வாழ்வது பெங்களூருக்குப் புதிதன்று. 1809இல் பிரிட்டிஷார் பாளையத்தை நிறுவியபின், பேட்டையை உள்ளடக்கிய பழைய நகரும் பாளையமும் அருகருகே வளர்ந்தன. 1862இல் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் ஏற்பட்டன. ஒன்று மைசூர் நிர்வாகத்தின்கீழ் இயங்கியது. மற்றொன்று பிரிட்டிஷ் ரெசிடென்டின் மேற்பார்வையில் இருந்தது. 1898ஆம் ஆண்டின் பிளேக் கொள்ளைநோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்கப் பாளையத்தின் வடபுறத்தில் புதுக் குடியிருப்புகள் எழுந்தன; 1910இல் அடிக்கல் நாட்டப்பட்ட பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. தமிழகத்திலிருந்து பாளையத்தை நாடி வந்து தையல், தச்சு, கட்டடவேலை, சில்லறை வணிகம் எனக் காலூன்றியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இப்பகுதியெங்கும் வாழ்கின்றனர். லிங்கராஜபுரத்துக் கடைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே கல்லாவின் முன் ஒலிப்பது அந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

இரு நகராட்சிகளும் தனித்தனியே இயங்கிய அக்காலத்திலும் மக்கள் இரு பக்கமும் வாங்கினார்கள், விற்றார்கள். 1947 ஜூலையில் பாளையப் பகுதி மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. பின்னர் 2007இல் சுற்றியிருந்த ஏழு நகராட்சிகளும் ஒரு பேரூர் நகராட்சியும் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களும் சேர்க்கப்பட்டுப் பெருநகர மாநகராட்சி உருவாயிற்று. 2025இல் அது ஐந்தானது. இரண்டு, ஒன்று, மிகப்பெரிய ஒன்று, ஐந்து என நிர்வாகத்தின் எண்ணிக்கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைத்தெருவின் தேவைகள் மட்டும் மாறவில்லை: தடுக்காத நடைபாதை, தேங்காத மழைநீர், அணையாத விளக்கு, சரக்கு இறக்க ஓர் இடம்.

இந்த வரலாற்றில் வங்கித் துறையினரும் வணிகரும் மறக்கக்கூடாத ஒரு நிகழ்வு உண்டு. 2007 இணைப்புக்கு முன், பெங்களூரைச் சுற்றியிருந்த அந்த எட்டு நகராட்சி அமைப்புகளும் குடிநீர் இணைப்புக்குப் பெருந்தொகை தேவைப்பட்டுத் தவித்தன. தனித்தனியே கடன்சந்தையை அணுகும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. அப்போது கர்நாடக அரசு கூட்டுநிதி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. எட்டு அமைப்புகளின் தேவையும் திருப்பிச் செலுத்தும் திறனும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, 2005இல் 100 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிடப்பட்டது. இதற்கு முன்னோடி தமிழ்நாடு. அங்கே 2002இல் சிறு உள்ளாட்சிகள் பல ஒன்றுசேர்ந்து, குடிநீர், துப்புரவுப் பணிகளுக்காகக் கூட்டுநிதி வழியாகச் சுமார் 30 கோடி ரூபாய் கடன்பத்திரம் வெளியிட்டன. தனியே நின்றால் கிடைக்காத கடன், கூடி நின்றபோது கிடைத்தது. அண்டை நகரங்கள் ஒரே பையில் பணம் போட்டு ஒரே பணியை முடிக்கலாம் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. அது இதே பெங்களூரின் விளிம்பில் நடந்திருக்கிறது.

தனித்தனியே செய்தால் என்ன ஆகும்?

மூன்று மாநகராட்சிகளும் தத்தம் பகுதியைத் தாமே சீர்செய்துகொள்ளட்டுமே, கூட்டுநிதி எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் சாலையில் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

மழைநீர் பள்ளத்தை நோக்கி ஓடும். எந்த மாநகராட்சியின் பள்ளம் என்று அது பார்ப்பதில்லை. மேட்டிலுள்ள மாநகராட்சி தன் வடிகாலை அகலப்படுத்தி, பள்ளத்திலுள்ளது அவ்வாறு செய்யாவிட்டால், முதலாவது செலவழித்த பணம் இரண்டாவதன் கடைகளுக்குள் வெள்ளமாகப் புகும். நடைபாதையும் அப்படியே. நூறு கடைகளின் முன்னே சமதளமாக வந்த நடைபாதை, நூற்றொன்றாவது கடையில் இரண்டடிப் பள்ளமாக முடிந்தால், முதியவரும் குழந்தையைக் கைபிடித்து வருபவரும் அந்த நூறு கடைகளுக்கும் வரத் தயங்குவர். சாலையைத் தோண்டும் காலமும் பொருத்தமாக அமைய வேண்டும். ஒரு பகுதி தீபாவளிக்கு முன்னும், மறுபகுதி கிறிஸ்துமசுக்கு முன்னும், மூன்றாவது ரம்சானுக்கு முன்னும் தோண்டப்பட்டால், ஆண்டின் மூன்று நல்ல விற்பனைக் காலங்களும் இத்தடத்துக்கு இல்லாமற்போகும். இப்பகுதியின் வணிகம் எல்லாச் சமயத்தாரின் பண்டிகைகளையும் நம்பியிருப்பது என்பதை இங்கே கடை வைத்திருப்போர் அறிவர்.

குடிநீர் வாரியம், மின்வழங்கல் நிறுவனம், மாநகரப் பேருந்துக் கழகம், போக்குவரத்துக் காவல்துறை ஆகியவை ஐந்தாகப் பிரிக்கப்படவில்லை. அவை முழு நகரத்துக்கும் பொதுவானவை. இவற்றோடு மூன்று மாநகராட்சிகள் தனித்தனியே பேசுவதைவிட, ஒரே திட்டத்தின் சார்பில் ஒருவர் பேசுவது பயனுள்ளது என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரே மாநகராட்சி இருந்தபோது மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்ற மறுகேள்வியும் எழும். இல்லை என்பதே நேர்மையான விடை. 2017இல் தொடங்கி 2019இல் முடிந்திருக்க வேண்டிய ஈஜிபுரா மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் தூண்களாகவே நின்றது. பொலிவுறு நகரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்ட கமர்சியல் தெருவில், பதித்த கற்களின் தரம்குறித்து 2021இல் வணிகர்கள் குறைகூறினர். பணியில் ஒரு பகுதியை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. அதே நகரத்தில்தான் சர்ச் தெரு 2018இல் கருங்கற்கள் பதித்த நடைதெருவாக மாறி, மக்கள் மாலை நேரங்களில் விரும்பிக் கூடும் இடமாயிற்று. ஆகவே, நிர்வாகம் ஒன்றா ஐந்தா என்பது மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. பணம் எங்கே வைக்கப்படுகிறது, எந்த நிபந்தனையில் வெளியேறுகிறது, பணியை யார் கண்காணிக்கிறார்கள் என்பவையே தீர்மானிக்கின்றன. வங்கிகளுக்கு நன்கு பழக்கமான கேள்விகள் இவை.

யார் எவ்வளவு கொடுப்பது?

கூட்டுநிதி என்றதும் எழும் முதற்பூசல் பங்கீடு பற்றியதே. மத்திய மாநகராட்சி வரி வருவாய் மிக்க வணிகப் பகுதிகளைக் கொண்டது. தன் வரிப்பணம் ஏன் லிங்கராஜபுரத்து நடைபாதைக்குப் போகவேண்டும் என்று அதன் உறுப்பினர் கேட்பார். எங்கள் மக்கள்தானே உங்கள் கடைகளில் வந்து வாங்குகிறார்கள் என்று வடக்கின் உறுப்பினர் விடையிறுப்பார். இரண்டும் உண்மையாதலால் இந்தப் பேச்சு முடிவுறாது.

இதே பூசலை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் வணிக நிறுவனங்களைத் தத்தம் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளப் போட்டியிட்டன. 1971இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. எந்த ஊரும் ஏற்கெனவே பெற்றுவரும் வரி ஆதாரத்தை அது தொடவில்லை. அன்றிலிருந்து வணிக, தொழில் சொத்துகளில் ஏற்படும் வளர்ச்சியில் 40 சதவீதம் மட்டும் ஏழு மாவட்டங்களுக்கும் பொதுவான தொகுப்பில் சேரவேண்டும் என்றது. ஓர் ஊர் வழக்குத் தொடுத்தது. 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. அடுத்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு இன்றும் நீடிக்கிறது.

இதன் உட்பொருளை நம் தடத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மாநகராட்சி இத்தடத்திலுள்ள கடைகளிடமிருந்து இவ்வாண்டு 100 ரூபாய் சொத்துவரி பெறுகிறது என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். அந்த 100 ரூபாய் முழுதும் அதற்கே உரியது. யாரும் கைவைக்க வேண்டாம். சாலை செம்மையுற்று, கடைகள் பெருகி, சில ஆண்டுகளில் அது 150 ரூபாய் ஆனால், கூடுதலாக வந்த 50 ரூபாயில் 20 ரூபாய் தடத்தின் பொதுநிதிக்கும் 30 ரூபாய் மாநகராட்சிக்கும் செல்லட்டும். யாரும் இருப்பதை இழப்பதில்லை. சாலை செழிக்காவிட்டால் பகிர்வதற்கும் ஒன்றுமில்லை. ஆதலால் சாலை செழிப்பதில் மூவருக்கும் அக்கறை பிறக்கும். 40 சதவீதம் என்பது வேதவாக்கன்று. அதனினும் குறைவாகத் தொடங்கலாம். இருப்பதைப் பகிராமல் வளர்வதைப் பகிர்வது என்ற கொள்கையில் உடன்பாடு ஏற்பட்டால், விகிதத்தைப் பேசி முடித்துக்கொள்ளலாம்.

வளர்ச்சி நாளை வரும், வேலைக்கோ இன்று பணம் வேண்டும் என்பது அடுத்த இடர். இங்கேதான் 2005இன் அனுபவம் கைகொடுக்கும். மூன்று மாநகராட்சிகளும் கூட்டுப் பொறுப்பில் கடன்பெற்று, வளர்ச்சிப் பங்கிலிருந்து அதைத் திருப்பிச் செலுத்தலாம். 1997இல் 125 கோடி ரூபாய்க்கு நகராட்சிக் கடன்பத்திரம் வெளியிட்டு இந்தியாவுக்கே வழிகாட்டிய நகரம் இது. இதில் வங்கிகளுக்கும் நலன் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. கடன் தருவது எங்கள் தொழில். ஆனால் ஒரு கடைத்தெரு நலிந்தால் அங்கு ஏற்கெனவே கொடுத்த கடன்களும் நலியும் என்பதால், இந்தத் தடத்தின் நலனும் எங்கள் நலனும் ஒரே திசையில் இருக்கின்றன.

பணம் எங்கே இருக்கவேண்டும் என்பதிலும் நாம் உறுதியாக இருக்கிறோம். அது எந்த ஒரு மாநகராட்சியின் பொதுக்கணக்கிலும் கலக்கக்கூடாது. குறித்த நிபந்தனை நிறைவேறிய பின்னரே பணம் வெளியேறும் தனிக்கணக்கில், அதாவது வங்கித் துறையில் எஸ்க்ரோ கணக்கு என வழங்குவதில், அது வைக்கப்பட வேண்டும். வடிகால் முடிந்தது என்று பொறியாளர் சான்றளித்து, ஒரு மழைக்காலம் கடந்து, நீர் தேங்கவில்லை என்று தடத்தின் கூட்டுக்குழுவும் ஒப்பிய பின்னரே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணை போகவேண்டும். வரவும் செலவும் எவரும் காணும்படி மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும்.

வேலை நடக்கும் காலத்தில் யார் பிழைப்பது?

சாலைப்பணி என்பது பொறியாளருக்குப் பதினெட்டு மாதம். சிறுகடைக்காரருக்கு அது பதினெட்டு வாடகை. கடைமுன் பள்ளம் தோண்டியிருக்கும்போது வாடிக்கையாளர் வருவதில்லை. வீட்டுக்காரரோ வாடகையைக் குறைப்பதில்லை. வங்கித் தவணையும் நிற்பதில்லை. நாகவாரா வரை செல்லும் மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்துக்காக அருகிலுள்ள டேனரி சாலையில் சுரங்கப்பணி நடந்த ஆண்டுகளில், இந்தச் சிரமத்தை அச்சாலையின் வணிகர்கள் முழுமையாக உணர்ந்தார்கள்.

மினியாபொலிசையும் செயின்ட் பாலையும் இணைக்கும் பல்கலைக்கழக நெடுஞ்சாலையில், 2014இல் தொடங்கப்பட்ட இலகுரயிலுக்காகச் சாலை தோண்டப்பட்டபோது, அங்கிருந்த சிறு கடைகளுக்கு 20,000 டாலர் வரை கடன் வழங்கப்பட்டது. அதே சாலையில் தொடர்ந்து தொழில் நடத்தினால் அக்கடன் படிப்படியாகத் தள்ளுபடியாகும். அந்தச் சாலையில் சிறு வணிகர்களாக இருந்தவர்களில் தென்கிழக்காசியாவிலிருந்து வந்து குடியேறியோர் பலர். சாலை அழகாகும்போது அவர்கள் அங்கே இருக்கவேண்டும் என்பதற்கான முன்னேற்பாடு அது.

நம் தடத்திலும் மதிப்பீட்டின் ஒரு பகுதி கல்லுக்கும் சிமென்டுக்கும் அன்றி, கடைக்காரரின் தாங்குகாலத்துக்கு என ஒதுக்கப்பட வேண்டும். வங்கிகளும் தம் பங்கைச் செய்யவேண்டும். பணி நடக்கும் பகுதியிலுள்ள சிறுதொழில் கடன்களுக்கு, கணக்கு வாராக்கடனாக மாறும்வரை காத்திராமல், முன்கூட்டியே தவணை விடுப்பும் கால நீட்டிப்பும் பேசி முடிக்கலாம். முத்ரா திட்டத்தில் கடன்பெற்ற ஒரு தையற்கடை, எதிரே தோண்டிய பள்ளத்தால் தவணை தவறுவது அந்தப் பெண்ணின் குறையன்று என்பதைக் கிளைமேலாளர் அறிந்திருக்க வேண்டும்.

மேலும் ஒரு கடினமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். சாலை செம்மையானால் வாடகை உயரும். இங்குள்ள சிறு கடைகளில் பெரும்பாலானவை வாடகைக்கடைகள். 11 மாத ஒப்பந்தமே வழக்கம். புழுதியைக் குடித்தவர் வெளியேற, பளபளப்பு வந்தபின் வேறொருவர் குடிபுகுவது பல நகரங்களில் கண்ட காட்சி. இதை முற்றிலும் தடுக்கும் மந்திரம் எவரிடமும் இல்லை. ஆயினும், பொதுநிதியால் சொத்துமதிப்பு உயரப்பெறும் உரிமையாளர், பணி முடிந்தபின் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஏற்கெனவே இருக்கும் வாடகைதாரரைத் தொடரவிட ஒப்பினால் அவருக்கு வரிச்சலுகை தரலாம். அப்படி ஒப்பாதவருக்குச் சலுகை வேண்டியதில்லை. இந்த நிபந்தனை இல்லாத திட்டத்தை நாம் ஆதரிக்கத் தயங்குவோம்.

தள்ளுவண்டிக்கு எந்த மாநகராட்சி?

தொடக்கத்தில் கண்ட தள்ளுவண்டிக்காரரிடம் திரும்புவோம். 2014ஆம் ஆண்டின் சாலையோர வணிகர் சட்டம் அவருக்கு உரிமையும் பாதுகாப்பும் அளிக்கிறது. உள்ளாட்சி அமைப்பு கணக்கெடுப்பு நடத்தி, விற்பனைச் சான்று வழங்கவேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சாலையோர வணிகர்களே உறுப்பினராக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும். வங்கிக்கடன் தரும் பிரதமரின் ஸ்வநிதி திட்டமும் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு, முதற்கடன் 15,000 ரூபாய், இரண்டாவது 25,000 என உயர்த்தப்பட்டிருக்கிறது; மூன்றாவது 50,000 ஆகவே தொடர்கிறது. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவோரில் சாலையோர வணிகர்கள் பலர் உண்டு என்பதைக் கிளைகளில் பணிபுரிவோர் அறிவர்.

ஆனால் சான்று தருவது அந்தந்த உள்ளாட்சி அமைப்பு. காலையில் வடக்கு மாநகராட்சியிலும் மாலையில் கிழக்கிலும் விற்பவர் எந்தச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்? ஒரு மாநகராட்சியின் சான்றை மற்றதன் ஊழியர் ஏற்காவிட்டால், அவருடைய தராசும் வண்டியும் பறிபோகலாம். வண்டி போனால் தவணை போகும்; தவணை போனால் அடுத்த கடன் போகும். இத்தடம் முழுவதற்கும் செல்லுபடியாகும் ஒரே சான்றை மூன்று மாநகராட்சிகளும் ஏற்பது, ஒரு ரூபாயும் செலவில்லாத சீர்திருத்தம். கூட்டுத்திட்டத்தின் முதற்பணியாக அதுவே அமையட்டும். ஒரு காகிதத்தில் ஒத்துப்போக முடிந்தால், கோடிகளில் ஒத்துப்போவது குறித்து நமக்கும் நம்பிக்கை பிறக்கும்.

வணிகர்களின் பங்கு

அரசே எல்லாம் தரட்டும் என்று காத்திருப்பது வணிகர்களுக்கும் அழகன்று. கனடாவின் டொராண்டோ நகரில், 1960களில் புளூர் தெருவின் கீழே சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை டிராம் வண்டியிலிருந்து கடைகளைப் பார்த்து இறங்கிய மக்கள், மண்ணுக்கடியில் கடந்துபோயினர். பேரங்காடிகளும் வாடிக்கையாளரை இழுத்தன. அத்தெருவின் மேற்குப் பகுதி வணிகர்கள் தங்கள்மீது தாங்களே ஒரு சிறு வரியை விதிக்குமாறு நகராட்சியைக் கேட்டனர். அப்பணம் முழுதும் அத்தெருவின் விளக்குக்கும் தூய்மைக்கும் மரங்களுக்கும் மட்டுமே செலவாக வேண்டும், வணிகர் குழுவே அதை நிர்வகிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1970இல் உருவான அந்த ஏற்பாடே உலகின் முதல் வணிக மேம்பாட்டுப் பகுதி. ஆலந்தூரில் 1990களின் பிற்பகுதியில், பாதாளச் சாக்கடைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இணைப்பு வருமுன்பே முன்பணம் செலுத்தியதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நினைவுகூர்வர். தாம் கொடுக்கும் பணம் தம் தெருவுக்கே வரும் என்று கண்ணால் கண்டால் நம் மக்கள் கொடுக்கத் தயங்குவதில்லை.

நாளை மெட்ரோவிலும் புறநகர் ரயிலிலும் செல்வோர் நம் கடைகளைப் பார்க்காமல் கடந்துபோகக்கூடும். நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடன் நடக்கத்தக்க தெரு இருந்தால், அதே ரயில்கள் வாடிக்கையாளரைக் கொண்டுவந்தும் சேர்க்கும். எந்த நிலை வாய்க்கும் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் எடுக்கப்படும் முடிவுகளே தீர்மானிக்கும்.

ஆதலின் மூன்று மாநகராட்சிகளிடமும் ஆணையத்திடமும் நாம் வேண்டுவன நான்கு. தடம் முழுவதற்கும் செல்லும் சாலையோர வணிகர் சான்று. மூன்று மாநகராட்சிகளும், கடைக்காரர்களும், தள்ளுவண்டிக்காரர்களும், குடியிருப்போரும் இடம்பெறும் கூட்டுக்குழு. வரி வளர்ச்சியில் பங்குபெறும் தனிக்கணக்கு. பணிக்காலத்தில் சிறுகடைகளைத் தாங்கும் ஒதுக்கீடு. இவை எழுத்தில் கையொப்பமாகும் முன் சாலையில் ஒரு கல்லும் பெயர்க்கப்பட வேண்டாம்.

எம் வாசகர்களில் இப்பகுதி வணிகர்கள் பலர் இருப்பர். தங்கள் கடை எந்த மாநகராட்சிக்கு உட்பட்டது என்பதை உறுதிசெய்து, தொழில் உரிமத்தையும் சொத்துவரி ரசீதையும் அதற்கேற்பச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்திருங்கள். அன்றாட விற்பனையை வங்கிக்கணக்கின் வழியே நடத்துங்கள். நாளை இழப்பீடோ தவணை விடுப்போ கேட்கும்போது உங்கள் விற்பனை எவ்வளவு குறைந்தது என்பதற்கு அதுவே சான்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து மாநகராட்சியின் வணிகர் சங்கத்தோடு பேசத் தொடங்குங்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது நம் வழக்கம். தேரோடும் வீதியில் எந்த வீடு எந்த வார்டைச் சேர்ந்தது என்று வடம்பிடிப்பவர் எவரும் கேட்பதில்லை.